இருபது இருபதாக எண்ணும் ஊர்

அலாஸ்காவின் வடகிழக்கு மூலையில், ஆர்க்டிக் கடலோரம் இருக்கும் சிற்றூர் காக்டோவிக். அங்குள்ள இனுபியாக் மக்களின் மொழியில் எண்ணிக்கை இருபது இருபதாக ஏறும். அதற்குள் ஐந்தைந்தாகப் பிரியும். கை, கால் விரல்களின் கணக்கு அது. பள்ளியில் கற்ற 0 முதல் 9 வரையிலான எண்குறிகள் இதற்கு ஒத்துவரவில்லை.

1994 வாக்கில் அவ்வூர்ப் பள்ளி மாணவர்களே 20 புதிய குறிகளை உருவாக்கினார்கள். மேலே உள்ள ஒவ்வொரு கோடும் ஐந்து, கீழே உள்ள ஒவ்வொன்றும் ஒன்று. 7 என்றால் மேலே ஒரு கோடு, கீழே இரண்டு. சுழியத்துக்கு மட்டும் தனிக்குறி. பார்த்ததுமே மதிப்பு புரிந்துவிடும். பிள்ளைகள் செய்த அருமையான காரியம்!

1998-இல், இனுபியாக் மக்களையும் உள்ளடக்கிய இனுவிட் மக்களின் பன்னாட்டு மன்றம் இந்த எண்களை கனடாவிலும் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. 2022-இல் இவை கணினி எழுத்துகளுக்கான தரமான யூனிகோடில் சேர்ந்தன.