பொறுப்பேற்கும் தலைமை

தில்லி மாநகரின் மேற்கே, நாம் வாழும் ஜனக்புரியில், ஜனக்புரி மேற்கு என்னும் மெட்ரோ ரயில் நிலையம் ஒன்று உண்டு. காலை வேளையில் அங்கு நின்றால், அலுவலகம் செல்லும் கூட்டத்தின் நடுவே தமிழ்க்குரல் ஒன்றேனும் காதில் விழாமற் போவதில்லை. அந்நிலையத்தில் இரு பாதைகள் சந்திக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று திறக்கப்பெற்ற நீலப் பாதை உயரத்தில் செல்கிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பெற்ற மெஜந்தா பாதை பூமிக்கடியில் செல்கிறது. மேலே உள்ள தண்டவாளங்களுக்கிடையே அகலம் 1,676 மில்லிமீட்டர். கீழே 1,435 மில்லிமீட்டர். முன்னது நமது நாட்டு ரயில்வேயில் வழங்கும் அகலப் பாதை. பின்னது உலகின் பல நகர ரயில்களில் வழங்கும் ‘ஸ்டாண்டர்டு கேஜ்’ என்னும் பாதை. ஒரே நிறுவனம் அமைத்த இரு பாதைகளுக்கிடையே இவ்வேற்றுமை ஏன்? இதற்கு விடை காணப் புகுந்தால், தலைமை என்பதன் இலக்கணம் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ளலாம்.

அதிகாரம் வேறு, தலைமை வேறு. அதிகாரம் நியமன உத்தரவோடு வந்து, ஓய்வு பெறும் நாளோடு போய்விடுவது. தலைமையோ கீழே உள்ளவர்கள் மனமுவந்து அளிப்பது. அறமும் மரியாதையும் தலைவனுக்கு அழகு என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். அவை அழகு மட்டும் அல்ல. காரியம் நடைபெறுவதற்கு இன்றியமையாத கருவிகளுமாம். எவ்வாறெனில், எந்தப் பெரிய வேலையிலும் தவறு முதலில் கண்ணில் படுவது கீழே நின்று உழைப்பவனுக்கே. அவன் அஞ்சாமல் வந்து சொன்னால் வேலை பிழைக்கும்; அஞ்சி மறைத்தால் கெடும். அவன் சொல்வானா, மறைப்பானா என்பது தலைவனின் நடத்தையைப் பொறுத்தது.

தில்லி மெட்ரோவை உருவாக்கிய இ. ஸ்ரீதரனின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. கேரளத்தில் பிறந்தவராயினும், தமிழ்நாட்டாருக்கும் அவர் அயலார் அல்லர். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பாம்பன் பாலம் சிதைந்ததையும் நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது 32 வயதே நிரம்பிய ரயில்வே பொறியாளரான ஸ்ரீதரனிடம் அப்பாலத்தைச் செப்பனிடும் பணி ஒப்படைக்கப்பட்டது. கடலில் வீழ்ந்த இரும்பு விட்டங்களைத் தேடி எடுத்து, மீண்டும் தூண்களின்மீது ஏற்றிப் பொருத்தினார்கள். மூன்று மாத காலம் கொடுக்கப்பட்டிருந்த வேலை 46 நாட்களில் முடிந்தது.

கொங்கண ரயில் பாதையை அமைத்த பின்னர், 1997-இல் அவர் தில்லி மெட்ரோ ரயில் கழகத்தின் நிர்வாக இயக்குநரானார். மத்திய அரசும் தில்லி அரசும் சரிபங்கு கொண்ட நிறுவனம் அது. இரு எசமானர்களுக்கு நடுவே வேலை செய்வது எளிதன்று. பாதையின் அகலம் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. நகர ரயிலுக்கு ஸ்டாண்டர்டு கேஜே ஏற்றது என்பது ஸ்ரீதரனின் உறுதியான கொள்கை. அதனைக் காரணங்களோடு வாதாடினார். அரசு அகலப் பாதையையே தேர்ந்தது. அவர் அம்முடிவை ஏற்று, முதற்கட்டத்தின் சுமார் 65 கிலோமீட்டர் பாதையையும் குறித்த காலத்துக்கு முன்னதாகவே முடித்துக் கொடுத்தார். தமது வாதம் தோற்றது என்பதற்காக வேலையில் சுணக்கம் காட்டவில்லை. பிற்காலத்தில் அவர் கொள்கை ஏற்கப்பட்டு, புதிய பாதைகள் ஸ்டாண்டர்டு கேஜில் அமைந்தன. ஜனக்புரி மேற்கு நிலையத்தின் மேலும் கீழும் நாம் காண்பது அந்த நேர்மையான கருத்து வேறுபாட்டின் இரு பக்கங்களே. மேலிடத்தில் உண்மையை எடுத்துரைப்பதும், முடிவான பின் அதனை முழுமனத்தோடு நிறைவேற்றுவதும் ஒருவரிடத்திலேயே அமைவது அரிது.

மெட்ரோ அலுவலகங்களிலும் வேலைத் தலங்களிலும், பணி முடிய எஞ்சியுள்ள நாட்களைக் காட்டும் கடிகாரங்களை அவர் மாட்டச் செய்தார். இதனைக் கண்டிப்பு என்று சிலர் கருதலாம். உண்மையில் அது பிறருக்குக் காட்டிய மரியாதையே. குறித்த நாளில் பாதை திறக்கும் என்று நம்பி வீடு மாறியவனும், கடை வைத்தவனும் ஏமாறக்கூடாதல்லவா? கொடுத்த வாக்கைக் காப்பது, வாக்கைப் பெற்றவரை மதிப்பதாகும்.

ஆயினும் ஒரு தலைவரின் தரம் வெற்றியின்போது முழுதும் விளங்குவதில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அதிகாலையில், தென்தில்லியில் ஜம்ருத்பூர் என்னுமிடத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெட்ரோ மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. ஆறு பேர் மாண்டனர். அன்றே ஸ்ரீதரன், தார்மிகப் பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவர் அந்தப் பாலத்தின் வடிவத்தை வரைந்தவர் அல்லர்; கான்கிரீட்டைக் கலந்தவரும் அல்லர். ஒப்பந்தக்காரரையோ, கீழ்நிலைப் பொறியாளர் ஒருவரையோ சுட்டிக்காட்டி ஒதுங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அரசு விலகலை ஏற்க மறுக்கவே, மீண்டும் பணிக்குத் திரும்பி, 2011-ஆம் ஆண்டின் இறுதிவரை அப்பதவியில் இருந்தார்.

இத்தகைய மரபு நம் நாட்டுக்குப் புதிதன்று. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயர் துயரத்தோடு பதிந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பரில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமுற்று, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே அவர் விலக முன்வந்தும், பிரதமர் நேரு இசையவில்லை. அரியலூர் விபத்தின் பின்னர் விலகல் ஏற்கப்பட்டது. விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் அன்று, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதால் ஏற்றதாக நேரு விளக்கினார்.

பதவி விலகினால் மாண்டவர் மீள்வரோ என்று கேட்கலாம். மீளார். விலகல் சில வேளைகளில் விசாரணையிலிருந்து தப்பும் வழியாகவும் ஆகலாம். ஆதலால், விலகினாரா இல்லையா என்பதைவிட, பழியைக் கீழே தள்ளினாரா, தாமே தாங்கினாரா என்று பார்ப்பதே பொருத்தம். தலைவர் பழியைத் தாங்கும் இடத்தில், கீழே உள்ளவர்கள் விரிசலை மறைக்கமாட்டார்கள். அடுத்த விபத்தைத் தடுக்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு.

பழியைத் தாங்குபவர் புகழைப் பகிரவும் அறிந்திருத்தல் வேண்டும். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோல்வியுற்றுக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் நம் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாம். பத்திரிகையாளரைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவரோ, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலையில் வெற்றி கிட்டியபோது, பத்திரிகையாளரிடம் பேசும்படி கலாமையே அனுப்பிவைத்தார். இதனைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார்.

இவை பெரியோர் செயல்கள், சாதாரண அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று நேயர்கள் எண்ணக்கூடும். நம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். மொழிபெயர்ப்புப் பணியில் நாம் சேர்ந்த புதிதில், ஒரு சுற்றறிக்கையைத் தமிழாக்கினோம். விண்ணப்பங்கள் 15-ஆம் தேதிக்குள் வந்துசேர வேண்டும் என்பது மூலம். 15-ஆம் தேதிக்குள் அனுப்பப்பட வேண்டும் என்று எழுதிவிட்டோம். அதனை நம்பிக் கடைசி நாளில் தபாலில் சேர்த்தவர்களின் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. பிரிவின் தலைவராயிருந்த அதிகாரி நம்மை அழைத்து, நடந்ததைக் கேட்டறிந்தார். பின்னர், “பிழை என் பிரிவில் நேர்ந்தது, நான் பார்த்து ஒப்பமிட்டேன், அவ்விண்ணப்பங்களை ஏற்க வேண்டுகிறேன்” என்று மேலிடத்துக்குத் தாமே எழுதினார். நம் பெயரை எழுதவில்லை. விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. நம்மிடம் கூறியது ஒன்றே: “ஐயம் வந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்.” அன்றுமுதல் ஐயம் உள்ள வரியை அவரிடம் காட்டாமல் நாம் அனுப்பியதில்லை. அவர் உரத்துக் கண்டித்திருந்தால், அடுத்த பிழையை மறைக்கவே கற்றிருப்போம்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மரியாதை பற்றி இன்னொரு பாடமும் உண்டு. இந்தியில் முன்னிலைச் சொற்கள் மூன்று: ஆப், தும், தூ. அதிகாரியிடம் ‘ஆப்’ என்று பேசிவிட்டு, தேநீர் கொண்டுவரும் முதியவரைத் ‘தூ’ என்று அழைப்போரைக் காண்கிறோம். நம்மவரிலும் சிலர், ஊரில் ‘வாங்க, போங்க’ என்று வளர்ந்தவர்களே, இங்கு வந்து இப்பழக்கத்தை மேற்கொள்கின்றனர். மொழி அறியாத ஊரில் முதன்முதல் நம்மை யாரேனும் ‘ஆப்’ என்று அழைத்தபோது நம் உள்ளம் எவ்வளவு ஆறுதலுற்றது என்பதை மறத்தல் தகாது. பிற மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவரும் அவ்வாறே ஆறுதல் தேடுபவர்தாம்.

வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தை அரசனுக்குரிய அரசியல் பகுதியில் வைத்தார். முதலில் தன் குற்றத்தைக் களைந்து, பின்னரே பிறர் குற்றத்தை நோக்குக என்பது அதன் கருத்து. நாம் ஒவ்வொருவரும் எங்கேனும் தலைவரே. ஒரு பிரிவுக்கு, ஒரு கடைக்கு, குடியிருப்புச் சங்கத்துக்கு, குறைந்தது ஒரு குடும்பத்துக்கேனும் பொறுப்புடையவர்களாய் இருக்கிறோம். அடுத்த முறை நம் பொறுப்பில் ஒரு பிழை நேரும்போது, “யார் செய்தது?” என்று கேட்குமுன், “நான் எதைக் கவனிக்கத் தவறினேன்?” என்று கேட்டுப் பார்ப்போமாக. பணியாட்களும் பிள்ளைகளும் அதன்பின் நம்மிடம் உண்மையை அஞ்சாது கூறுவார்கள்.