சாரல் படாத வீடு

சித்திரை வெயிலில் தென்காசியில் புது வீடு பார்க்கப் போகிறவருக்கு எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டி பார்த்து, பெயிண்ட் வாசனை போகாத சுவர்கள். அதே வீட்டை ஆடியில், குற்றாலத்தில் சாரல் பிடித்த நாளில் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று தூறலை நேராக விழ விடாது. சாய்த்துக் கொண்டுபோய்ச் சுவரில் அறையும். மேற்குச் சுவருக்குத்தான் அடி அதிகம். அதில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும்.

உள்ளே போன நீர் சும்மா இருக்காது. செங்கல்லிலும் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. துளை குறுகக் குறுக, நீர் உயரமாக ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். போகிற வழியில் செங்கல், மணல், சிமெண்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பெயிண்டுக்கு அடியில் அது படிகமாக வளர்ந்து, பெயிண்டையே தள்ளி உரிக்கும். ‘ஓதம் ஏறிடுச்சு, உப்பு பூத்துடுச்சு’ என்று நாம் சொல்வது இதைத்தான். சாரல் முடிந்தபின் கட்டி, அடுத்த சாரலுக்கு முன் விற்கப்படும் வீடு இந்தச் சோதனையை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

அதனால்தான் புது வீடு வாங்கும்போது நமக்கென்று ஒருவர் வேண்டும் என்கிறேன். அனுபவப்பட்ட கொத்தனாரோ என்ஜினீயரோ, கட்டியவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதவர். அவர் கையில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒரு கம்பும் இருந்தால் போதும். கம்பால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே நடப்பார். அடியில் கலவை நிறைந்திருந்தால் ‘டக்’கென்று அடங்கிய ஓசை வரும், டைல்ஸின் அதிர்வைத் தரை வாங்கிக்கொள்கிறது. அடியில் காற்று இருந்தால் டைல்ஸ் பறைத்தோல்போல அதிரும், ஓசை பொள்ளென்று கேட்கும். அந்த இடத்தில்தான் நாளை டைல்ஸ் உடையும்.

பிறகு அவர் கேட்கும் கேள்வி: “தளம் எந்த மாசம் போட்டது அண்ணாச்சி? எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துனீங்க?” கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர நெறி. தளம் போட்ட அன்று கணவாய்க் காற்று பலமாக அடித்து, மேலே ஈரச்சாக்கோ தார்ப்பாயோ மூடாமல் விட்டிருந்தால், சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு வறண்டு வெடிக்கும். இதெல்லாம் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை என்னவாகும் என்று, பழைய கார்களை வைத்து 1970இல் விளக்கினார் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001இல் நோபல் பரிசு பெற்றார். நல்லதும் கெட்டதும் ஒரே விலைக்குப் போனால், நல்லதை விற்பவர் சந்தையை விட்டே விலகுவார். பத்து நாள் பொறுமையாகத் தண்ணீர் நிறுத்திய கொத்தனாருக்கும், மூன்றாம் நாளே முட்டுப் பிரித்தவருக்கும் ஒரே விலையென்றால் முதலாமவருக்குத்தான் இழப்பு. தட்டிப் பார்ப்பவர் அவருக்கும் நண்பர்தான்.

நம் ஊர்த் தரகர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பல நேரம் இருபக்கமும் கமிஷன் வாங்குகிறார். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல துணை: பதிவு பெற்ற திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு, மிகாவிட்டால் பதிவு கட்டாயமில்லை. மூன்று, நான்கு செண்டில் தனித்தனியாகக் கட்டி விற்கும் வீடுகளுக்கு அந்தத் துணை எளிதில் கிடைக்காது.

இதே தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதில் குறை நேர்ந்தால் வந்து சரிசெய்பவர்களை எல்லாரும் அறியப் பணிகிறேன் என்று கல்லிலேயே எழுதிவைத்தான். குறை நேர்ந்தது. கோபுரம் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பிறகு வந்தவர்கள் கட்டி முடித்தார்கள். 1990இல் குடமுழுக்கு நடந்தது.