கறவை மாடும் செயற்கைச் சினைப்படுத்தலும்

இலங்கையின் பால் தேவையில் பெரும் பங்கை இன்றும் இறக்குமதிப் பால்மாவே நிறைவு செய்வதால், உள்நாட்டுக் கறவை மாடுகளின் இனவிருத்தி கொழும்பின் பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் காலைத் தேநீர் கலக்கும் வீட்டாரையும் தொடும் விடயமாகும். நாட்டுப் பசுக்கள் வெப்பத்தையும் உண்ணியையும் தாங்குவனவாயினும் குறைவாகவே கறப்பதால், ஜேர்சி, பிரீசியன், சாகிவால் முதலிய இனங்களின் விந்தைச் செலுத்திக் கலப்பினக் கன்றுகளைப் பெறும் செயற்கைச் சினைப்படுத்தல் 1938இல் இங்கு அறிமுகமானது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் நடத்தும் இப்பணிக்குக் கண்டியை அடுத்த குண்டசாலை நிலையம் நெடுங்காலமாக மையமாக விளங்குகிறது.

கிளிசரோல் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் உயிர்தரிக்கும் என்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் 1949இல் கண்டறிந்ததன் பயனாக, ஒரு காளையின் விந்தைப் பல நூறு மெல்லிய குழல்களில் பகிர்ந்து, பாகை சதமளவில் −196 வெப்பநிலையுள்ள திரவ நைதரசனில் ஆண்டுக்கணக்காகப் பேண முடிகிறது. சினைப்படுத்துநர் அக்குழலை வெந்நீரில் அல்லாது இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் அளவில் இளக்கி, நீர் பட்டால் விந்தணு சிதையுமாதலால் ஈரம் போகத் துடைத்து, உலோகக் கருவியில் பொருத்துகிறார். கையுறை அணிந்த ஒரு கையால் மலக்குடல் வழியே கருப்பைக் கழுத்தைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கருவியை அதனூடே செலுத்தி விந்தை விடுகிறார்.

எனினும் வெற்றியைத் தீர்மானிப்பது வேளையே. பசுவின் வேட்கை, அதாவது இணைசேர விழையும் காலம், ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வந்து ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். கத்துதலும் கண்ணாடி போன்ற சளி வடிதலும் அதன் அறிகுறிகள். பிற மாடு ஏறும்போது விலகாது நிற்பதே உறுதியான அடையாளம். காலையில் வேட்கை கண்ட பசுவை மாலையிலும், மாலையில் கண்டதை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவது வழக்கம்.

ஓமோன் ஏற்றிப் பல சூல்களை முதிர்வித்து, கருக்கட்டிய முளையங்களை வேறு பசுக்களின் கருப்பைக்கு மாற்றும் முறையும், பெரும்பாலும் பெண் கன்றுகளையே தரும் பாலினம் பிரித்த விந்தும் உலகில் பரவியுள்ளன. செலவு மிக்க இம்முறைகளும் வேட்கைக் கணக்கையே நம்பியிருப்பதால், பண்ணையாளருக்கு அதைக் கற்பிப்பதும் அழைத்த அன்றே சினைப்படுத்துநர் வந்து சேர வழி செய்வதுமே அரசு முதலில் ஆற்றவேண்டிய கடமையாகும்.