அத்தையின் உள்ளங்கை

1986-ல் மயிலாப்பூர் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடியோ லைப்ரரி ஆரம்பித்தேன். பத்தடிக்கு எட்டடி இடம். மூன்று சுவரிலும் ரேக். டெபாசிட் இருநூறு ரூபாய், ஒரு நாள் வாடகை பத்து. கல்லாவுக்குப் பின்னால் இருந்த ரேக்கில் ‘குடும்பப் படங்கள்’ என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தேன். அதில் எதை வைக்கலாம் என்பதற்கு ஒரே விதிதான் வைத்திருந்தேன்: கறுப்பு வெள்ளையா, யோசிக்காமல் வை. பழைய படம் என்றால் சுத்தமான படம்.

அந்த விதியைக் கெடுத்தவர் மாட வீதியில் குடியிருந்த ஒரு மாமி. சிவாஜி நடித்த ‘அம்பிகாபதி’ வேண்டுமென்று கேட்டார். கடைப்பையன் பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யை எடுத்துக் கொடுத்துவிட்டான். சிவாஜி படம் 1957. பாகவதர் படம் 1937. மறுநாள் கேசட் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த நாள் மாமியே வந்தார், கையில் கேசட் இல்லாமல்.

“பையன் தப்பான படத்தைக் கொடுத்துட்டான் மாமி. கொண்டு வாங்கோ, மாத்தித் தரேன்” என்றேன்.

“மாத்த வேண்டாம்ப்பா, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். இதைப் பன்னெண்டு வயசுல அத்தையோட போய்ப் பார்த்தேன். நடுவுல நடுவுல அத்தை என் கண்ணைப் பொத்திடுவா. பொத்தின இடமெல்லாம் இப்பத்தான் பார்க்கறேன்.”

கேசட் வந்த அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன். கதை தெரிந்ததுதான். கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதி. கடவுள் மேல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்ததென்று தலையை நீட்டுகிறாள். அவன் தலை போகிறது. எனக்குப் புதிதாக இருந்தது காதலர்கள் பேசிக்கொள்ளும் விதம். தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் மேடை நாடகம் போல ஆளுக்கொரு மூலையில் நின்று பாடவில்லை. நெருங்கி நின்று, தாழ்ந்த குரலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். கேமராவும் அவர்களோடு கிட்டே போய்விடுகிறது.

இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்காரர், கலிபோர்னியாவில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டன் கூப்பிட, ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாமென்று 1935-ல் வந்தார். பதினைந்து வருஷம் இருந்துவிட்டார். எம்.ஜி.ஆர். முதலில் தலைகாட்டிய ‘சதி லீலாவதி’ அவர் படம்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. உதவியாளர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, நடிகர்களின் முகத்தை நம்பி வேலை செய்தார். ‘அம்பிகாபதி’க்கு வசனம் எழுதிய இளங்கோவனிடம் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ காதல் காட்சிகளைக் காட்டி, தமிழில் இப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இளங்கோவன் அதை நம்மூர்க் காதலாக்கிக் கொடுத்தார். அமெரிக்க டைரக்டர், இங்கிலாந்து நாடகம், கல்கத்தா ஸ்டுடியோ, தமிழ்க் கதை. படம் ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது.

டங்கன் அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அங்கே ஒரு பெரிய உள்ளங்கை வந்து விழுந்திருந்தது. ஹாலிவுட் கம்பெனிகள் 1930-லேயே தங்களுக்கு ஒரு நன்னடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டதோடு சரி, யாரும் மதிக்கவில்லை. பேசும்படம் புதிது, பொருளாதார மந்தம், தியேட்டருக்கு ஆள் வர வேண்டும். முறை தவறிய காதல், விவாகரத்து, விலைமாது என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிப்போம் என்று கிளம்பியதும் கம்பெனிகள் பயந்தன. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவருடைய அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். அதற்கு முந்திய நாலு வருஷப் படங்களைத்தான் ‘ப்ரீ-கோட்’ படங்கள் என்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2007-ல். அமெரிக்காவிலிருந்து அடையாறு வீட்டுக்கு லீவில் வந்த என் மகள் ‘ஃபர்பிடன் ஹாலிவுட்’ என்ற டிவிடி தொகுப்பைக் கொண்டு வந்தாள். அதில் ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ இருந்தது. அந்தப் பெயரில் விவியன் லீ நடித்த படத்தை எத்தனையோ தடவை வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதே குடும்ப ரேக்கிலிருந்து. ஆனால் அது 1940. இது 1931. ஜேம்ஸ் வேல் இயக்கியது, மே கிளார்க் நாயகி. ரெண்டு ‘அம்பிகாபதி’ மாதிரி ரெண்டு ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’.

கதை ஒன்றுதான். முதல் உலகப்போர், லண்டன் பாலம், சிப்பாய் ஒருவன், மைரா என்ற பெண். 1940 படத்தில் மைரா பாலே நடனக்காரி. காதலன் போரில் செத்துவிட்டான் என்று பேப்பரில் பார்த்து, வேலையும் போய், வறுமையில்தான் தடம் மாறுகிறாள். நாம் அழுதுகொண்டே மன்னித்துவிடலாம். 1931 படத்திலோ அவனைச் சந்திக்கும்போதே அவள் பிழைப்பு அதுதான். பாலத்துக்கு வந்ததே கிராக்கி தேடி. அவனுக்கு அது தெரியாது. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளவும் மனசு வரவில்லை. கடைசியில் அவனிடம் சொல்வதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறாள். அந்த அம்மா கத்தவில்லை, துரத்தவில்லை. மிருதுவாகக் கேட்டுக்கொள்கிறாள். பெரிய மெலோடிராமாதான், முடிவில் பாலத்தின் மேல் குண்டும் விழுகிறது. ஆனாலும் அந்த ரெண்டு பெண்களும் பேசும் இடத்தில் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். பிரீன் அலுவலகம் வந்த பிறகு அந்தப் படத்தைத் திரும்ப வெளியிட வழியில்லை. பிறகு உரிமையை எம்.ஜி.எம். வாங்கி, விவியன் லீயை வைத்துப் புதிதாக எடுத்தது. பழையது பெட்டிக்குள் போய்விட்டது.

நம்மூரில் தணிக்கை இல்லாமலா இருந்தது? 1918-லேயே சட்டம் வந்து, 1920-ல் சென்னைக்குத் தனி போர்டு வந்துவிட்டது. தலைமை போலீஸ் கமிஷனர். ஆனால் வெள்ளைக்காரத் துரைக்குக் காதலைவிடக் கதரைக் கண்டால்தான் அதிகக் கலக்கம். கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’யைத் தடை செய்தது அதில் இருந்த சுதந்திர வேட்கைக்காக. காதலைக் கண்காணிக்கும் வேலையை அத்தைகளே பார்த்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அத்தை பத்திரிகை விமர்சகராகவும் ஆகிவிட்டாள். 1950-ல் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை டங்கன் ‘பொன்முடி’ என்று எடுத்தபோது, காதல் காட்சிகளில் விரசம் என்று கண்டனம் எழுந்தது. அந்த வருஷமே அவர் ஊர் திரும்பினார். 1951-ல் மத்திய தணிக்கைக் குழு வந்தது. ‘அம்பிகாபதி’ 1957-ல் திரும்ப வந்தபோது காதல் பாட்டுக்குள்ளும் செந்தமிழ் வசனத்துக்குள்ளும் பத்திரமாகக் குடியேறியிருந்தது. ஜி. ராமநாதன் இசை அருமை, பானுமதி கம்பீரம். ஆனால் பாகவதர் படத்தின் அந்தத் தாழ்ந்த குரல் அதில் இல்லை.

பழைய படம் சுத்தம் என்று நாம் நினைப்பது, கை பொத்தாத இடங்களில் பார்த்ததை வைத்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

2004-ல் கடையை மூடினேன். கேசட்டுகளில் பாதி பூசணம் பிடித்துவிட்டது. எடைக்குப் போடும் முன் சிலவற்றை டெக்கில் போட்டுப் பார்த்தேன். இந்தத் தொழில் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு நிறுத்தி வைத்தால், டெக்கின் ஹெட் டேப்பில் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி உரசும். ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து பார்த்தாலும் தேயும். அங்கே வெள்ளைக் கோடுகள் விழும். ஜனங்களுக்கு எந்தக் காட்சி பிடித்தது என்று டேப்பே சொல்லிவிடும்.

‘அம்பிகாபதி’யை ஓட விட்டேன். பாகவதர் பாட்டுகளில் கோடு இருக்குமென்று நினைத்தேன். பாட்டுகள் தெளிவாகவே ஓடின. அமராவதியும் அம்பிகாபதியும் தனியாகப் பேசும் இடம் வந்தது, திரை முழுக்க வெள்ளை மழை. அந்தக் கேசட்டை எடுத்துப் போனவர்கள் அத்தனை பேரும் மயிலாப்பூர் மாமாக்கள், மாமிகள், பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த பாட்டிகள். கடை லெட்ஜரில் ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. லெட்ஜரைக் கிழித்துப் போட்டேன். கேசட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.