காருக்கு இன்ஜின் ஆயில் ஊத்தும்போது சிந்துதா? பாட்டிலை இப்படிப் பிடிச்சுப் பாருங்க... ஒரு சொட்டு கீழ விழாது!

காரில் இன்ஜின் ஆயில் கொஞ்சம் குறைந்துவிட்டால் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டும் என்பதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி, வீட்டு வாசலிலேயே ஊற்றிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலைதான். ஆனாலும் பலர் இதைத் தொடவே பயப்படுகிறார்கள். காரணம், ஊற்றும்போது பாதி ஆயில் உள்ளே போகிறது, மீதி இன்ஜின் மேலேயும் கையிலேயும் தரையிலேயும் வழிகிறது.

சிந்தாமல் ஊற்றுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பாட்டிலை எந்தப் பக்கமாகப் பிடிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை முழுமையாகப் பார்ப்போம்.

கொஞ்சம் சிந்தினா என்ன ஆகிடும்?

தரையில் சிந்தினால் கறை, வழுக்கல். ஆனால் இன்ஜின் மேல் சிந்தினால் கதை வேறு. இன்ஜினில் இருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டு போகும் குழாய் இருக்கிறது அல்லவா, அது வண்டி ஓடும்போது பயங்கரமாகச் சூடாகும். இன்ஜின் ஆயில் பொதுவாக 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். ஓடும் வண்டியில் அந்தக் குழாய் அதற்கும் மேலான சூட்டை எட்டும்.

சில சொட்டுகள் விழுந்தால் பெரும்பாலும் புகையும் கருகிய வாடையும் வரும், அதோடு நின்றுவிடும். ஆனால் நிறைய சிந்தியதைத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பினால் தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. ஆயில் பெல்ட் மேல் பட்டால் அது வழுக்கும், ரப்பரும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்ஜின் முழுக்க ஆயில் பிசுபிசுப்பு இருந்தால், நாளைக்கு உண்மையிலேயே எங்காவது கசிவு வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல செக் பண்ணுங்க: ஆயில் உண்மையிலேயே குறைஞ்சிருக்கா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். சரிவில் நிறுத்தினால் அளவு தப்பாகக் காட்டும். ஓடி வந்த வண்டி என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயில் எல்லாம் கீழே உள்ள சம்ப்பில் இறங்க அந்த நேரம் தேவை. சில கம்பெனிகள் இன்ஜின் குளிர்ந்த பிறகு பார்க்கச் சொல்லும், சில கம்பெனிகள் லேசான சூட்டில் பார்க்கச் சொல்லும். காரோடு வந்த கையேட்டில் இது இருக்கும்.

பானெட்டைத் திறந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் உள்ள கம்பி தெரியும். அதுதான் டிப்ஸ்டிக். அதை உருவி, சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை எடுக்கும்போது தெரியும் அளவை நம்பக் கூடாது.

கம்பியில் இரண்டு கோடுகள் அல்லது இரண்டு துளைகள் இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. கீழ்க்கோட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தால்தான் ஊற்ற வேண்டும்.

டிப்ஸ்டிக்கே இல்லாத சில சொகுசு கார்களும் உண்டு. அவற்றில் டேஷ்போர்டு திரையிலேயே அளவு தெரியும்.

எந்த ஆயில் வாங்கணும்?

"ஏதோ ஒரு ஆயில் குடுங்க" என்று கேட்டு வாங்கக் கூடாது. கையேட்டில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்பது போல ஓர் எண் இருக்கும். அதில் உள்ள 'டபிள்யூ' என்பது 'வின்டர்', அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய சுலபமாக ஓடும். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. இதற்கு, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் வேண்டும். சாதாரண ஆயிலைத் தொடர்ந்து ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கான செலவு கையைக் கடிக்கும்.

மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் முக்கியம்.

மூடியை மாத்தித் திறந்துடாதீங்க!

பானெட்டுக்குள் நான்கைந்து மூடிகள் இருக்கும். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடி இன்ஜினின் மேல் பகுதியிலேயே இருக்கும். அதன் மேல் சொட்டு விடும் ஆயில் கேன் படம் போட்டிருக்கும்.

பக்கத்தில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் தப்பித் தவறி இன்ஜின் ஆயிலை ஊற்றினால், பிரேக்கில் உள்ள ரப்பர் பாகங்கள் உப்பிப்போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அப்படி நடந்துவிட்டால் வண்டியை ஓட்டவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதுதான் சரி. அதேபோல ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும்.

ஆயில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றியுள்ள தூசி, மண்ணைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது நேராக இன்ஜினுக்குள் விழும்.

கழற்றிய மூடியை எங்கே வைப்பது? பானெட் பூட்டு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் நல்லது. மறந்துபோய் பானெட்டை மூடப் போகும்போது அது கண்ணில் பட்டுவிடும். மூடி இல்லாமல் வண்டி ஓடினால் உள்ளே இருக்கும் ஆயில் இன்ஜின் முழுக்கத் தெளித்துவிடும்.

இப்போ முக்கியமான விஷயம்: பாட்டிலை எப்படிப் பிடிக்கணும்?

ஆயில் பாட்டிலை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். பல பாட்டில்களில் வாய் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கி இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த வாய் கீழே வரும்படி சாய்த்துத்தான் ஊற்றுவோம். தப்பே அங்கேதான் நடக்கிறது.

பாட்டிலில் இருந்து ஆயில் வெளியே வர வேண்டும் என்றால், அந்த இடத்தை நிரப்ப காற்று உள்ளே போக வேண்டும். வாய் கீழே இருந்தால் ஆயில் வாயை முழுசாக அடைத்துக்கொள்ளும். காற்றுக்கு வழி இல்லை. அதனால் கொஞ்சம் ஆயில், கொஞ்சம் காற்று என்று மாறி மாறி 'குளக் குளக்' என்று வரும். அந்தக் குலுக்கலில்தான் ஆயில் துளைக்கு வெளியே தெறிக்கிறது.

மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின்னைத் திறப்பதைப் பார்த்திருக்கலாம். ஒரு மூலையில் ஓட்டை போட்டதும் எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போடுவார்கள். ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்றில் காற்று போகும். எண்ணெய் சீராக இறங்கும்.

ஆயில் பாட்டிலில் இரண்டாவது ஓட்டை போட முடியாது. ஆனால் அதே வேலையைப் பாட்டிலைத் திருப்பிப் பிடித்தே செய்யலாம். வாய் இருக்கும் ஓரம் மேல்பக்கம் வரும்படி பாட்டிலைப் படுக்க வைத்தாற்போல் பிடித்து, மெதுவாகச் சாய்க்க வேண்டும். வாயின் கீழ்ப்பாதியில் ஆயில் வெளியே வரும், மேல்பாதி வழியாகக் காற்று உள்ளே போகும். குலுக்கலே இருக்காது, நூல் பிடித்தாற்போல் இறங்கும். பார்க்கத் தலைகீழாகப் பிடித்திருப்பது போலத் தெரியும், ஆனால் இதுதான் சரியான முறை.

வாய் நடுவில் உள்ள பாட்டில் என்றால், வாய் முழுவதும் அடைபடாத அளவுக்கு மட்டும் சாய்த்தால் போதும்.

ரொம்ப மெதுவா ஊத்தினாலும் சிந்தும்!

டம்ளரில் இருந்து காபியை ரொம்ப மெதுவாகச் சாய்த்தால் அது கீழே விழாமல் டம்ளரின் வெளிச்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வழியும். ஆயிலும் அப்படித்தான். அதனால் முதலில் பாட்டில் வாயைத் துளைக்கு நேராக, ரொம்ப அருகில் கொண்டு போய்விட வேண்டும். பிறகு தயங்காமல் சாய்க்க வேண்டும். நிறுத்தும்போதும் இழுத்துக்கொண்டே இருக்காமல், சட்டென்று நிமிர்த்தி, வாயைத் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். கடைசிச் சொட்டு அந்தத் துணியோடு போய்விடும்.

துளைக்குக் கை சரியாக எட்டவில்லை என்றால் புனல் வைத்துக்கொள்ளலாம். அது சுத்தமாக, ஈரமே இல்லாமல் இருக்க வேண்டும். சமையலறைப் புனலை எடுத்தால் அது அப்புறம் காருக்கு மட்டும்தான், மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. புனல் இல்லையா? காய்ந்த தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்துப் பயன்படுத்தலாம். வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் துணுக்கு இல்லாமல் துடைத்துவிட வேண்டும். துளையைச் சுற்றி ஒரு பழைய துணியை வளையமாகச் சுற்றி வைத்தால் மேலும் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு ஊத்தணும்?

ஒரு லிட்டர் வாங்கினோம் என்பதற்காக ஒரு லிட்டரையும் ஊற்றக் கூடாது. பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், சின்ன கார்களில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

முதலில் 200 முதல் 250 மி.லி. மட்டும் ஊற்ற வேண்டும். பாட்டிலின் ஓரத்தில் அளவுக்கோடு இருக்கும். ஆயில் கீழே இறங்க சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கில் மறுபடி பார்க்க வேண்டும். பத்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். மேல்கோட்டைத் தொட வேண்டிய அவசியம் இல்லை, நடுவைத் தாண்டினாலே போதும்.

அதிகமானால் என்ன? இன்ஜினுக்குள் வேகமாகச் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சரியாக உயவு தராது. சீல்கள் வழியாகக் கசியும், புகை வரும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கிடம் சொல்லி, அதிகப்படியானதை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

சிந்திடுச்சு... இப்போ என்ன செய்றது?

வண்டியைக் கிளப்புவதற்கு முன் துடைக்க வேண்டும். வேஸ்ட் துணியால் ஒத்தி எடுத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். இடுக்கில் இறங்கியதை ஒரு குச்சியில் துணி சுற்றி எடுக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, ஒயரிங்கில் இறங்கிவிடும். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளோ மணலோ போட்டு, ஊறிய பிறகு கூட்டி எடுக்கலாம்.

அந்தத் துணியையும் மிச்ச ஆயிலையும் சாக்கடையில் போடாதீர்கள். பயன்படுத்திய ஆயில், 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. ஒர்க்‌ஷாப்பில் அதற்கென டிரம் இருக்கும், அங்கே கொடுத்துவிடலாம். மிஞ்சிய புது ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதன் சொந்தப் பாட்டிலிலேயே மூடி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

எப்போ மெக்கானிக்கிட்ட போயே ஆகணும்?

* டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் கேன் விளக்கு எரிந்தால். அது ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று நினைத்தால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

* அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால், சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால், நிறுத்திய இடத்தில் சொட்டு இருந்தால்.

* டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால். கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

* ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறினால். டிபிஎஃப் உள்ள டீசல் கார்களில் டீசல் ஆயிலோடு கலப்பதால் இப்படி நடக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குறைந்த ஆயிலை நிரப்புவது வேறு, ஆயில் மாற்றுவது வேறு. எத்தனை தடவை நிரப்பினாலும் உள்ளே இருக்கும் பழைய ஆயில் பழசுதான். கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டர் வந்ததும் முழுசாக மாற்றியே ஆக வேண்டும்.

மாதம் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முந்தைய நாள், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் நடுரோட்டில் நிற்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.