ஒழுங்கையும் கிணறும்: திரும்பும் ஊருக்கு ஒரு திட்டம்



யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியால் போனால் வேலணைத் தீவை அடையலாம். அதிலுள்ள மண்கும்பானிலும் அப்பால் நயினாதீவிலும் நம்மவர் வாழ்ந்ததற்கு அடையாளமாகப் பள்ளிவாசல்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பினர்.

அன்று போனது ஒரு குடும்பம். இன்று திரும்ப விரும்புவது நான்கு குடும்பம். காணி மட்டும் அதே காணி. 2012இல் இந்திய அரசின் வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்து, உரியவரே கட்டிக்கொள்ளும் முறையை வடக்கில் நடைமுறைப்படுத்தியது. நல்ல முறைதான். ஆனால் காணி இல்லாத மகனும் மருமகனும் எங்கே கட்டுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பரப்பு என்பது சுமார் 5,445 சதுர அடி. நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 37 அடிக்கு 37 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் மலசலகூடக் குழியை எதிர்மூலையிலும் வைத்தாலும் இடைவெளி 52 அடிதான். பக்கத்து வளவின் குழி இன்னும் கிட்ட இருக்கும். தீவுப் பகுதியிலோ உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும். குழி கிட்ட இருந்தால் கெட்டுப்போகும். அதன் பின் குடத்தோடு பவுசரை எதிர்பார்த்து நிற்பது யார்? நாம் சொல்லத் தேவையில்லை.

மார்க்கம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்ததை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காணலாம். கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை விடுவதை ‘ஹரீம்’ என்பர். ஹனஃபி நூல்களில் அது 40 முழம். நம் ஷாஃபிஈ மத்ஹபில் தேவையும் வழக்கமுமே அளவு. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தவர் உஸ்மான் (ரலி) அவர்கள்.

எகிப்திலிருந்து ஒரு பாடம் கேளுங்கள். 1940களில் லக்ஸர் அருகே, பழங்காலக் கல்லறைகளின் மேல் வாழ்ந்த குர்னா கிராமத்தவரைக் குடியமர்த்த ஹஸன் ஃபத்ஹி என்ற கட்டடக் கலைஞர் மண்செங்கல்லால் அழகான ஊரொன்றை அமைத்தார். பள்ளிவாசலும் சந்தையும் இருந்தன. ஆயினும் பெரும்பாலோர் அங்கு குடிவரவில்லை. அவர்களின் பிழைப்பு பழைய ஊரில்தான் இருந்தது. வசிப்பவர்களின் மனமும் தொழிலும் சேராத திட்டம் வெறும் கட்டடமாகவே நிற்கும்.

ஆகவே திரும்பும் ஊர்களின் ஜமாஅத்துகள் அத்திவாரம் வெட்டுமுன் ஒன்றுகூட வேண்டும். முதலில் வாரிசுப் பங்கை எழுத்தில் தீர்க்க வேண்டும். அண்ணன் தம்பிமார் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டால் சகோதரிகளின் ஹக்கு மறைந்துவிடும். அல்லாஹ் விதித்த பங்கு அது. அடுத்து, வீட்டுக்கொரு கிணறு என்ற ஆசையை விட்டு, நாலைந்து வீட்டுக்கு ஒரு பங்குக் கிணறும், கூரைநீரைச் சேர்க்கத் தொட்டியும் வைக்கலாம். குழிகளைக் கிணற்றிலிருந்து விலக்கி ஒரே பக்கமாக அமைக்கலாம். ஜனாஸா தூக்கிச் செல்லவும் நோயாளியை ஏற்றிச் செல்லவும் ஒழுங்கை அகலமாக இருக்கட்டும். நிலத்தடி நீர் எல்லோருக்கும் ஒன்று என்பதால் அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களையும் கலந்து பேசுவது நம் கடமை.

இந்தக் கூட்டம் ஆண்களோடு முடியலாகாது. தண்ணீர் எங்கே உவர்க்கிறது, பிள்ளைகள் எந்த வழியால் மதரஸாவுக்குப் போகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். வரைபடத்தை மதரஸா மண்டபத்தில் பெண்கள் முன் விரித்து, உங்கள் சொல்லைக் கேட்ட பிறகே கையெழுத்திடும்படி உங்கள் வீட்டு ஆண்களிடம் இன்றே சொல்லுங்கள்.

பிறந்த மண்ணில் நிம்மதியாக வாழும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.