வேர் தேடி – 14: ட்ரங்குப் பெட்டியின் மூடியில் ஒரு நம்பர்

1946-ல் பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்டு ஊர் திரும்பிய ஒரு சாதாரணச் சிப்பாயின் கோப்பு, 1971-க்குப் பிறகும் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் பணிப்பதிவுகளை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பதுதான் ராணுவ விதி. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். யுத்தம் முடிந்த கையோடு அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் அவர்களுக்கு நிறையவில்லை. 'எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தாரு, அவரோட ஃபைலை எங்க கேட்கணும்?' என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்ல வேண்டியிருப்பது இந்தக் கசப்பான செய்தியைத்தான். ஃபைல் பெரும்பாலும் இருக்காது.

லாங் ரோல் இருக்கும். ஒவ்வொரு படைப்பிரிவின் பதிவு அலுவலகமும் நிரந்தரமாக வைத்திருக்கும் பேரேடு அது. மற்றதெல்லாம் எரிக்கப்பட்ட பிறகும் அதில் ஆளின் நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் நிற்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு. எழுதும்போது பெயரை மட்டும் எழுதிப் பயனில்லை. முனுசாமி என்ற பெயரில் ஒரே ரெஜிமென்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் ஆங்கிலம் எழுதிய குமாஸ்தா அவரை முனிசாமி ஆக்கியிருப்பார், மூனசாமி ஆக்கியிருப்பார். நம்பர் வேண்டும். நம்பர் இருந்தால்தான் ஆள் கிடைப்பார்.

எங்கள் குடும்பத்தில் அந்த நம்பர் பரணில் கிடந்தது. என் தாத்தாவின் அண்ணனை வீட்டில் எல்லோரும் பட்டாளத்துத் தாத்தா என்பார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர், தச்சு வேலை தெரிந்தவர், பிள்ளைகள் இல்லை. அவர் கொண்டுவந்த இரும்பு ட்ரங்குப் பெட்டியில் பிற்காலத்தில் விதை வேர்க்கடலை வைத்தார்கள். மூடியில் வெள்ளை பெயின்டில் ஆங்கில எழுத்தில் நம்பர், 'சாப்பர்' என்ற பதவி, பெயர். பட்டாளத்துப் பெட்டிகளில் இப்படி எழுதியிருப்பது வழக்கம். வீட்டில் பெட்டி இருந்தால் புதிதாக பெயின்ட் அடிப்பதற்கு முன் மூடியையும் உள்பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இல்லாதவர்கள் தேட வேறு இடங்களும் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகம் அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தாத்தாவோ அவர் காலத்துக்குப் பிறகு பாட்டியோ எப்போதாவது உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தால், அந்த மனுவில் நம்பர் இருக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு ஒப்படை செய்த நிலம் குடும்பத்தில் இருந்தால், தாலுகா அலுவலகத்துப் பழைய ஆணையைத் தேடிப் பார்க்கலாம். முதல் உலகப் போர் ஆட்களின் வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் விளிம்பில் பொறித்துத்தான் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் வார் மெடல் என்ற வட்டப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியவராக இருந்திருக்க மாட்டார். சுமை தூக்கவும் சாலை போடவும் போன தொழிலாளர் படையினருக்குத்தான் அதை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதனால் அவர் பட்ட பாடு குறைந்ததாகிவிடாது. குடும்ப வரலாற்றில் அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றி வீட்டில் இருந்த கதை பர்மா. ஜப்பான்காரனிடம் மாட்டித் தப்பி, காட்டு வழியாக நடந்தே வந்தார் என்று என் அத்தை சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். பெட்டிக்குள் ரிப்பன் போன இரண்டு நட்சத்திரப் பதக்கங்கள் இருந்தன. யுத்த நட்சத்திரங்களில் எந்தப் போர்முனை என்பது நடு வட்டத்திலேயே எழுதியிருக்கும். ஒன்றில் ஆப்பிரிக்கா. மற்றொன்றில் இத்தாலி. பர்மா நட்சத்திரம் இல்லை. கூடவே ஒரு படம், கெய்ரோ ஸ்டூடியோ ஒன்றின் முத்திரையுடன். அதன் பின்புறம் பென்சிலில் '11 பார்க் கம்பெனி'.

"ஏம்பா, பெரியவரு பர்மாலதானே இருந்தாரு. அதப் போய் இல்லேன்னு எழுதறியே!" என்று அத்தை வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. வட ஆற்காட்டுக் கிராமத்தில் 1940-களில் கடல் கடந்து போனவர்கள் என்றால் ஜனங்களுக்குத் தெரிந்த ஊர்கள் ரங்கூனும் பினாங்கும் கொழும்பும்தான். லிபியாவை யார் கண்டார்கள்? அத்தை சொன்னதை அத்தை சொன்னதாகவே எழுதிவைத்தேன். பதக்கம் சொன்னதைத் தனியாக எழுதினேன்.

11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸின் ஒரு பிரிவு. 4-வது இந்தியன் டிவிஷனோடு இருந்தது. இது தெரிந்ததும் ஆளின் கோப்பு இல்லாத குறையைக் கம்பெனியின் பாதை ஓரளவு ஈடுகட்டியது. எரித்ரியாவில் 1941 மார்ச் 27-ல் விழுந்த கெரென், அதன்பின் வட ஆப்பிரிக்கப் பாலைவனம், துனீசியா, 1944 தொடக்கத்தில் இத்தாலியின் கசீனோ. ஒவ்வொரு பிரிவும் யுத்தகாலத்தில் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டாம் போரில் மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, பர்மா முனைக்கு 172 என்ற வரிசைகளில் தேட வேண்டும். முதல் போர் என்றால் எல்லாம் டபிள்யூ.ஓ. 95. புதுதில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் யுத்த நாட்குறிப்புகள் உண்டு.

இந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் அதிகாரிகள். அதிகாரி லீவில் போனால் அவர் பெயர் வரும், திரும்பினால் பெயர் வரும். நம் ஆட்கள் 'ஐ.ஓ.ஆர். இருவர் பலி, மூவர் காயம்' என்று எண்ணிக்கையாக வருவார்கள். இந்தியப் படையின் சாதாரண வீரர்களைக் குறிக்கும் சுருக்கம் அது. அந்த இருவர் யார் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேதியை வைத்துத் தேடலாம். அங்கே தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் பல பதிவுகளில் உண்டு. உயிரோடு திரும்பியவரைத் தேடுபவர்களுக்கும் அந்தப் பட்டியல் பயன்படும். உங்கள் தாத்தாவின் நம்பருக்கு அடுத்தடுத்த நம்பர்காரர்கள் பெரும்பாலும் அவரோடு ஒரே சமயத்தில் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய ஊர்களைப் பார்த்தால், எந்தப் பக்கத்தில் ஆள் எடுத்தார்கள் என்பது விளங்கத் தொடங்கும்.

முதல் போரில் மெசபடோமியாவில் செத்தவர்களுக்கு இதுவும் கிட்டாமல் போகலாம். கல்லறை தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவகத்தில் இந்தியச் சிப்பாய்கள் பெயர் பெறவில்லை. ரெஜிமென்டின் பெயரும் அதன்கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே பொறித்தார்கள். இப்படிப் பெயரில்லாமலோ நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று போர்க் கல்லறை ஆணையமே நியமித்த குழு 2021-ல் அறிக்கை தந்தது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பஞ்சாபில் போனவர்களின் பெயர்களாவது லாகூர் அருங்காட்சியகத்துப் பேரேடுகளில் இருந்தன. சுமார் 3,20,000 பெயர்கள் கொண்ட அவற்றை 2021-ல் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கியது. அதில் போனவர்களின் ஊர்ப்பெயர்களையும் யாராவது அப்படித் தொகுக்க மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பட்டாளத்துத் தாத்தாவின் கம்பெனியில்தான் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார், காஞ்சிபுரம் வட்டாரத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோவுக்கு அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணிமேல் தன்னுடலைப் போட்டு, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் விருதை அவருக்கு மறைவுக்குப் பின் அளித்தார்கள். அதே மாதங்களில், கசீனோ மலையில் டாங்கிகள் ஏறுவதற்காக டிவிஷனின் சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் வெட்டிய கேவன்டிஷ் ரோடு என்ற பாதையில் ஓரிடத்துக்கு 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்றே பெயர் இருந்தது. குடும்ப வரலாறு எழுதுகிறவனின் கை இங்கே துறுதுறுக்கும். 'எங்கள் தாத்தா அந்தப் பாதையை வெட்டினார்', 'சுபேதாரின் பக்கத்தில் நின்றார்' என்று எழுதிவிட்டால் பேரப்பிள்ளைகள் மகிழ்வார்கள். மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

அப்படி எழுதக் கூடாது. கம்பெனி அங்கே இருந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. அன்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம், வேறு முகாமில் இருந்திருக்கலாம், கப்பலில் லீவுக்கு வந்துகொண்டிருக்கலாம். ஃபீல்டு பார்க் கம்பெனி என்பது பட்டறையும் கிடங்கும் பாலத் தளவாடமும் புல்டோசரும் வைத்திருந்த பிரிவு. தச்சராகச் சேர்ந்தவர் யுத்தத்தின் பெரும்பகுதியைப் பட்டறையில் மரம் அறுத்தே கழித்திருக்கலாம். அதையும் 'கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். செய்யாத வீரத்தை அவர்மேல் ஏற்றினால், அவர் உண்மையில் செய்தது என்னவோ அது காணாமல் போய்விடும். ஏற்கெனவே பர்மா கதைக்குப் பின்னால் ஆப்பிரிக்காவும் இத்தாலியும் எழுபது ஆண்டு மறைந்து கிடந்தன.

ஆகவே அவருக்கான பக்கத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நம்பர், பதவி ஆகியவை லாங் ரோலின்படி. ஆப்பிரிக்கா, இத்தாலி பதக்கங்களின்படி. கெய்ரோ படத்தின்படி. கெரெனும் கசீனோவும் 'அவருடைய கம்பெனி' என்ற தலைப்பின்கீழ் தனிப் பத்தி. பர்மா அத்தையின் வாய்மொழி, பதிவு செய்த நாளுடன். இரண்டு ஆண்டுகளுக்கு எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் அவரோடு சேர்ந்த வேறொரு வீட்டின் பெட்டியில் அதற்கான தாள் இருக்கக்கூடும்.

அடுத்த வாரம்: மலாயாவிலிருந்து வந்த மணியார்டர் துண்டுகள்.